பதினெட்டு டிகிரி இறாலும் ஒரு டீக் ஆச்சேயும்

1

வருகிற ஆவணியோடு நான் கொல்கத்தாவுக்கு வந்து பதினாறு வருஷம் நிறைகிறது. புலம்பெயர்ந்தவர்கள் எழுதுகிற குறிப்புகளை நானும் விடாமல் வாசிக்கிறவள்தான். டொரொன்டோவில் பனி, லண்டனில் வாடகை, சிட்னியில் பிள்ளைகளின் தமிழ். அந்த வரிசையில் திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி ஹௌராவில் இறங்கினவளை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. பாஸ்போர்ட்டில் முத்திரை விழவில்லை, விசாவுக்கு வரிசையில் நிற்கவில்லை, உனக்கு என்ன புலம்பெயர்வு என்கிறார்கள். என் அம்மாவே கேட்டிருக்கிறாள். "ஏட்டி, இந்தியாவுக்குள்ளதான இருக்கே. என்னமோ கடல் தாண்டிப் போய்த் தவிக்கிற மாதிரில்லா பேசுதே."

கடல் தாண்டியிருந்தாலாவது ஊரில் ஒரு மரியாதை கிடைத்திருக்கும்.

இதைவிட வேடிக்கை என் வீட்டில்தான். என் வீட்டுக்காரர் சங்கரனின் தாத்தா அந்தக் காலத்தில் கிடர்பூர் துறைமுகத்தில் குமாஸ்தாவாக வந்து சேர்ந்தவர். அன்றிலிருந்து இவர்கள் பெஹாலாவாசிகள். இவர் பிறந்தது, படித்தது, பேங்க் வேலைக்குப் போனது எல்லாம் இங்கேதான். வீட்டில் தமிழ் பேசுவார். கோபம் வந்தால் வங்காளம். மகள் உமாவுக்குப் பதினான்கு வயது. அவள் தூக்கத்தில் உளறுவதுகூட வங்காளத்தில்தான். ஆக, எங்கள் மூன்று பேர் குடும்பத்தில் புலம்பெயர்ந்தவள் நான் ஒருத்திதான். மற்ற இருவரும் சொந்த ஊரில் சௌக்கியமாக இருக்கிறார்கள்.

இப்போது என்னை எழுத உட்கார வைத்தது இந்தப் பதினாறு வருஷம் அல்ல. ஒரு பெட்டி நிறைய இறால். பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாத எனக்கு இறாலால் வந்த வினையைச் சொல்ல வேண்டுமானால், முதலில் என் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

2

காலையில் பெஹாலாவில் பஸ் ஏறி, நகரத்தை முழுக்கக் குறுக்கே கடந்து, நியூ டவுனில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் போய் இறங்குகிறேன். போன இடத்தில் கண்ணாடிக் கட்டிடம், குளிர், காபி மெஷின். துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் ஏஜென்டுகளுக்கான புரோகிராம் ஒன்றை ஆரம்பத்திலிருந்தே எழுதி வளர்த்தவள் நான். கப்பலேறும் குளிர்ப் பெட்டிகளில் எந்தச் சரக்கு போகிறது, அதற்கு எவ்வளவு குளிர் வைக்க வேண்டும் என்பதை அது பார்த்துக்கொள்ளும்.

அதை எழுதத் தொடங்கிய காலத்தில் கிடர்பூரில் ஒரு ஏஜென்ட் ஆபீஸில் சில நாள் போய் உட்கார்ந்திருந்தேன். வெளியே லாரிகளும் தள்ளுவண்டிகளும் போடுகிற சத்தத்தில், உள்ளே ஒருவருக்கொருவர் கத்தித்தான் பேசிக்கொள்வார்கள். உறைந்த இறாலுக்குப் பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி வைக்க வேண்டும். ஆனால் அங்கே ஒருவர்கூட 'மைனஸ்' என்று சொல்லவில்லை. "இறால், பதினெட்டு" என்று வங்காளத்தில் ஒருவர் கத்துவார், மற்றவர் பதினெட்டு என்றே தட்டுவார். இறாலுக்குப் பதினெட்டு என்றால் கீழே பதினெட்டுதான் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். கம்ப்யூட்டருக்குத்தான் தெரியாது.

புரோகிராமில் ஒரு பெட்டியின் விவரங்களை ஒரு கட்டாக வைப்போம். எடை, சரக்கு, குளிர் அளவு என்று ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு வாசல் உண்டு. வெளியிலிருந்து மதிப்பைக் கொடுப்பதும் கேட்டு வாங்குவதும் அந்த வாசல் வழியாகத்தான். அதற்கு ப்ராப்பர்ட்டி என்று பெயர். நான் ஏதோ சொத்து வாங்கியிருக்கிறேன் என்று அம்மா ஒருமுறை போனில் சந்தோஷப்பட்டாள். இந்த வாசலை நாமே கைப்பட எழுதினால் அங்கே ஓர் ஆளை நிறுத்தி, 'என்ன கொண்டு வந்தே, காட்டு' என்று விசாரிக்க வைக்கலாம். குளிர் அளவின் வாசலில் நான் அப்படி ஓர் ஆளை நிறுத்தியிருந்தேன். உறைந்த சரக்கு, ஆனால் அளவு பூஜ்யத்துக்கு மேலே என்றால் அவன் உள்ளே விடமாட்டான்.

இன்னொரு வழி, ஒரே வரியில் get, set என்று இரண்டு சொல் எழுதிவிட்டுப் போவது. உள்ளே இடம் ஒதுக்குவது, கொடுத்ததை வாங்கி வைப்பது, கேட்டால் எடுத்துக் கொடுப்பது எல்லாவற்றையும், நாம் எழுதுவதை மெஷின் மொழிக்கு மாற்றுகிற கம்பைலரே செய்துகொள்ளும். இதை ஆட்டோ ப்ராப்பர்ட்டி என்பார்கள். வாசல் இருக்கும், ஆள் இருக்கமாட்டான். எதைக் கொடுத்தாலும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும். அதைக் குறை சொல்ல மாட்டேன். பத்து விவரத்தில் ஒன்பதுக்கு அதுவே போதும். பெட்டியின் நிறத்துக்கு எதற்குக் காவல்? எந்த ஒன்றுக்குக் காவல் வேண்டும் என்பது தெரிந்தால் சரி.

3

ஊரில் எனக்கு 'வக்கீலம்மா' என்று பட்டப்பெயர் உண்டு. பஸ் கண்டக்டர் சில்லறை இல்லை என்றால் சண்டை. விடுதி வார்டன் சாயங்காலம் வெளியே போகக் கூடாது என்றால் ஏன், யார் சொன்னது, எந்த விதியில் இருக்கிறது என்று சண்டை. "இவ வாய்க்குப் பூட்டு செஞ்சவன் இன்னும் பொறக்கல" என்று அப்பா பெருமையாகத்தான் சொல்வார்.

பூட்டு கொல்கத்தாவில் இருந்தது. வந்த புதிதில் எனக்கு ஹிந்தியும் தெரியாது, வங்காளமும் தெரியாது. பக்கத்து வீட்டுக் காகிமா, அதாவது சித்தி முறை வைத்துக் கூப்பிடுகிற அம்மாள், மாடிப்படியில் நிறுத்தி நீளமாக ஏதோ சொல்வார். காய்க்காரன் ஏதோ சொல்வான். இரண்டு சொல் கற்றுக்கொண்டேன். 'டீக் ஆச்சே.' சரி என்று அர்த்தம். அதைச் சொன்னால் எதிரே இருப்பவர் முகம் மலர்ந்துவிடும், பேச்சு முடிந்துவிடும், நான் வீட்டுக்குள் போய்விடலாம்.

முகவரி மாற்ற ஓர் அரசாங்க அலுவலகத்துக்குத் தனியாகப் போனேன். என் பெயருக்கு முன்னால் இருக்கும் எழுத்தைக் காட்டி அந்த மேஜைக்காரர் நிறையக் கேட்டார். குடும்பப் பெயர் எங்கே என்கிறார் என்று மட்டும் புரிந்தது. எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது என்பதை வங்காளத்தில் சொல்ல எனக்கு வழியில்லை. கடைசியில் அவரே ஏதோ ஒரு முடிவுக்கு வந்து என்னைப் பார்த்தார். டீக் ஆச்சே என்றேன். அட்டை வந்தபோது சங்கரன் எனக்கு அப்பாவாக இருந்தார். அதைத் திருத்த நான் ஏறி இறங்கிய படிகளில் எல்லாம் இன்னும் பல டீக் ஆச்சேக்கள் சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு வங்காளம் கொஞ்சம் வந்தது. கடைக்குப் போதும், பஸ்ஸுக்குப் போதும், சிரித்து விசாரிக்கப் போதும். நாலு பேர் வேகமாகப் பேசிக்கொண்டால் பாதியிலேயே நழுவிவிடும். ஆனால் இத்தனை வருஷம் இருந்துவிட்டுப் புரியவில்லை என்று எப்படிச் சொல்வது? ஆபீஸில் காந்திமதி என்ற என் பெயர் கான்திமோதி ஆகி, மோதிதி என்று, அதாவது மோதி அக்கா என்று, சுருங்கிவிட்டது. "மோதிதி ரொம்ப ஷாந்தோ" என்பார்கள். சாந்தமானவளாம். இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சண்டை போடத் தெரியாத மொழியில் பதினாறு வருஷமாக நல்ல பெயர் எடுத்திருக்கிறேன்.

4

எங்கள் குழுவுக்குத் தலைவன் அனிர்பான். முப்பது வயதிருக்கும். கெட்டிக்காரன், கெட்டவன் இல்லை. பழைய புரோகிராமைச் சுருக்கிச் சுத்தம் செய்யப் போகிறோம் என்று கூட்டம் போட்டான். கூட்டம் ஆங்கிலத்தில் தொடங்கும். ஐந்து நிமிஷத்தில் ஒருவர் ஒரு ஜோக் அடிப்பார், அதோடு வங்காளத்துக்கு மாறிவிடும். அப்புறம் யாருக்கும் திரும்பி வரத் தோன்றாது. அவர்கள் ஊர், அவர்கள் மொழி. தோன்ற வேண்டும் என்று எந்த உரிமையில் கேட்பேன்?

'ஆட்டோ ப்ராப்பர்ட்டி' என்பது அடிக்கடி காதில் விழுந்தது. புதிதாக எழுதப்போகும் பகுதிகளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். அவன் சொன்னது வேறு என்பது எல்லாம் கெட்ட பிறகுதான் தெரிந்தது. கைப்பட எழுதிய எல்லா வாசல்களையும் ஒற்றை வரியாக்கிவிடுவோம். விசாரணையெல்லாம் தட்டச்சு செய்கிற திரையிலேயே நடக்கட்டும். திரையைத் தவிர வேறு வழியில் விவரம் உள்ளே வருவதாக இருந்தால் மோதிதிக்குத்தான் தெரியும், அவர் சொல்லட்டும். இத்தனையும் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "தாஹோலே கொரே திச்சி, மோதிதி?" என்றான். அப்படியானால் செய்துவிடட்டுமா என்று அர்த்தம்.

வேறு வழி இருந்தது. கிடர்பூர் ஆபீஸ்காரர்கள் வேலை மிகுந்த நாட்களில் திரைக்கு வரவேமாட்டார்கள். எக்ஸெலில் மொத்தமாகத் தட்டி ஒரே தள்ளாகத் தள்ளிவிடுவார்கள். அது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"டீக் ஆச்சே" என்றேன்.

சில வாரம் கழித்து எக்ஸெலில் ஒரு பதினெட்டு வந்தது. வாசலில் ஆள் இல்லை. உறைந்த இறாலுக்குப் பூஜ்யத்துக்கு மேலே பதினெட்டு என்று உத்தரவு போனது. பெட்டிகளை அடுக்கி வைக்கிற யார்டில் அன்றைக்குப் புது ஆள். உத்தரவில் உள்ளபடி வைத்துவிட்டுப் போனார். பெட்டியைத் திறந்தபோது அந்த வரிசையிலேயே யாராலும் நிற்க முடியவில்லையாம்.

மேலாளர் விசாரணைக் கூட்டம் வைப்பதாகச் சொன்னார். அனிர்பான் என் இடத்துக்கு வந்து, தாழ்ந்த குரலில், ஆங்கிலத்தில் சொன்னான். "மோதிதி, நான் எல்லார் முன்னாலும் உங்ககிட்ட கேட்டேனே. நீங்க சரின்னுதானே சொன்னீங்க?" அவன் பொய் சொல்லவில்லை. எனக்கு வந்த ஆத்திரமெல்லாம் அதனால்தான். பொய் சொல்லியிருந்தால் எந்த மொழியிலாவது சண்டை போட்டிருப்பேன்.

வேலை போய்விடாது என்று தெரியும். புரோகிராம் கையைவிட்டுப் போய்விடும் என்றுதான் பயம். இந்த ஊரில் நான் எதிர்க்கேள்வி கேட்ட ஒரே இடம் அந்தக் குளிர் அளவின் வாசல்தான்.

5

நடந்ததைச் சங்கரனிடம் சொன்னேன். "புரியலன்னா புரியலன்னு சொல்ல வேண்டியதுதானே காந்தி? இதுல என்ன கௌரவம்?" என்றார். பிறந்ததிலிருந்து ஒரு கூட்டத்திலும் புரியாமல் உட்கார்ந்திராதவர் சொல்லத்தான் செய்வார்.

கூட்டத்தில் அவர்கள் மொழியிலேயே பேசிவிடுவது என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேஜையில் படித்துக்கொண்டிருந்த உமாவிடம் போய் உட்கார்ந்தேன்.

"உமா, ஒரு வாக்கியம் பெங்காலில சொல்லிக் குடு. எனக்குப் புரியல, ஆனாலும் சரின்னு சொல்லிட்டேன்."

முதலில் சிரித்தாள். பிறகு சொல்லிக் கொடுத்தாள். "ஆமி புஜினி. தொபு டீக் ஆச்சே போலேச்சிலாம்." நான் திருப்பிச் சொன்னேன். "அப்படி அழுத்தாதே மா" என்றாள். நான்காவது தடவை சொல்லும்போது அவள் சிரிப்பை நிறுத்திவிட்டிருந்தாள்.

"மா, எங்கிட்டயும் இப்படித்தானா?"

"எப்படி?"

"புரியாமத்தான் டீக் ஆச்சேன்னு சொல்வியா?"

"எப்பவாவது" என்றேன். அவள் வேகமாகப் பேசினால் எனக்குப் பாதிதான் பிடிபடும் என்பது அவளுக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன்.

"போன வருஷம் பேரன்ட்ஸ் மீட்டிங் வந்துச்சில்ல, அதுக்கு முன்னாடி நான் உங்கிட்ட சொன்னேனே. அது?"

எனக்கு அந்தச் சாயங்காலம் நினைவிருந்தது. பட்டல் நறுக்கிக்கொண்டிருந்தேன், கோவைக்காயின் அண்ணன் மாதிரி இருக்கும், இந்த ஊரில் அது இல்லாமல் கோடை கிடையாது. உமா சமையலறை வாசலில் நின்று வங்காளத்தில் ஏதோ படபடவென்று சொன்னாள். ஸ்கூல், மீட்டிங், பாபா மட்டும் போகட்டும் என்பவை காதில் விழுந்தன. அம்மாவுக்கு ஆபீஸ் இருக்கிறது, பாவம், அப்பா போகட்டும் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பிள்ளைக்கு நம் கஷ்டம் புரிகிறதே என்று பூரித்துப்போனேன். திரும்பாமலே டீக் ஆச்சே என்றேன்.

"பாபா மட்டும் வரட்டும், நீ வராதேன்னு சொன்னேன் மா. நீ மிஸ்கிட்ட பேசினா க்ளாஸ்ல எல்லாரும் உன்ன மாதிரியே பேசிக் காட்டறாங்க. எனக்கு லஜ்ஜா ஆவுதுன்னு சொன்னேன்."

அவளே தொடர்ந்தாள்.

"நீ திட்டுவேன்னு நெனச்சேன். அடிப்பேன்னுகூட நெனச்சேன். நீ டீக் ஆச்சேன்னுட்டு காய் நறுக்கினே. நான் பாத்ரூம்ல போய் அழுதேன். இவ்ளோ பெரிய விஷயம் சொல்லியும் அம்மாக்கு ஒண்ணுமே இல்லன்னு ஆயிடுச்சு. அப்புறம் உங்கிட்ட எதுவும் சொல்லத் தோணல."

போன வருஷத்திலிருந்துதான் அவள் என்னோடு பேசுவது குறைந்தது. பதின்வயது, எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் போனில்கூட அப்படித்தான் சொன்னேன். இறால் கெட்டதுக்காவது நாற்றம் வந்தது. இங்கே ஒரு வருஷமாக எனக்கு எதுவும் தெரியவில்லை.

"எனக்குப் புரியல உமா, நெசமாவே புரியல" என்றேன். அவள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே, "இப்ப தெரியுது" என்றாள். அந்தப் பேச்சு அதற்கு மேல் போகவில்லை.

6

விசாரணைக் கூட்டம் வங்காளத்திலேயே ஆரம்பித்தது. யாரோ ஒருவர், மோதிதி நிராமிஷ் ஆள், அதனால்தான் இறாலையெல்லாம் யாரும் தின்ன முடியாதபடி செய்துவிட்டார் என்றார். நிராமிஷ் என்றால் சைவம். எல்லோரும் சிரித்தார்கள். அது எனக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது.

என் முறை வந்தபோது எழுந்து நின்று சொன்னேன். "ஆமி புஜினி. தொபு டீக் ஆச்சே போலேச்சிலாம்."

சிரிப்பு நின்றுவிட்டது. மேலாளர் நல்ல மனிதர். ஆங்கிலத்தில், மிகவும் கனிவாகச் சொன்னார். "முன்னாலேயே சொல்லியிருக்கலாமே. நாங்க இங்கிலீஷ்லயே பேசியிருப்போமே." அவ்வளவு சுலபமான விஷயமாம். இத்தனை வருஷத்தில் ஒருவராவது என்னிடம் 'புரிந்ததா' என்று இரண்டாம் முறை கேட்டிருக்கலாமே, அதுவும் சுலபமான விஷயம்தான். என் வாசலில் ஆள் இல்லாதது எல்லோருக்கும் வசதியாக இருந்தது, எனக்கும் சேர்த்துத்தான். இதைச் சொல்ல உமா சொல்லிக் கொடுத்த வாக்கியம் போதவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

துறைமுகப் புரோகிராமை அனிர்பானிடமே கொடுத்தார்கள். என்னை டெஸ்டிங் பிரிவுக்கு மாற்றினார்கள். பிறர் எழுதினதைச் சோதித்துப் பார்க்கிற வேலை. நான் போவதற்கு முன் அனிர்பான் அந்த வாசலை மறுபடி கைப்பட எழுதிக்கொண்டு வந்து காட்டினான். நான் முன்பு எழுதியதைவிட நன்றாகவே எழுதியிருந்தான். சொல்லவும் செய்தேன், ஆங்கிலத்தில்.

அன்றைக்கு நியூ டவுனிலிருந்து பஸ்ஸில் வரும்போது அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அவர்கள்மேல், சங்கரன்மேல், எனக்குச் சாந்தம் என்று பெயர் வைத்த இந்த ஊர்மேல். எல்லாவற்றுக்கும் மேலாக, வாயைத் திறக்காமலே நல்ல பெயர் வாங்கிக்கொண்ட என்மேல்.

வீட்டுக்கு வந்ததும் உமாவிடம் போனேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அடுத்த சனிக்கிழமை பேரன்ட்ஸ் மீட்டிங்னு அப்பா சொன்னாங்க. நானும் வாரேன்."

அவள் வங்காளத்தில் கடகடவென்று ஏதோ சொன்னாள். பழைய பழக்கத்தில் அந்த இரண்டு சொல்லும் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. விழுங்கினேன்.

"புரியல. திருப்பிச் சொல்லு."

கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள்.

"இன்னும் புரியல."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள். "வராதேன்னு சொன்னேன். அன்னிக்கும் அதான் சொன்னேன். இப்பவும், வராதே."

கேட்டு வாங்கினேன், கிடைத்தது. நன்றாகவே புரிந்தது. வலித்தது. ஆனால் அந்த வலிக்குப் பின்னாலேயே, ஹௌராவில் இறங்கிய நாளிலிருந்து காணாமல் போயிருந்த ஒருத்தி எழுந்து வந்துவிட்டாள்.

"அதெப்படிட்டி வராம இருப்பேன்? ஒன்னப் பெத்தவ நானா, அந்த மிஸ்ஸா? என்ன மாதிரி பேசிக் காட்டுதவ எவளோ, அவள எனக்குக் காட்டு. என் முன்னால நின்னு பேசிக் காட்டட்டும். நான் பேசுத பெங்காலி இம்புட்டுத்தான். ஒனக்கு லஜ்ஜையா இருந்தா அதையும் என் மொகத்தப் பாத்துச் சொல்லு, கேட்டுக்கிடுதேன். ஆனா வருவேன்."

அவள் கண் கலங்கியதா, கோபத்தில் சிவந்ததா என்று பார்ப்பதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"டீக் ஆச்சே" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் வெளியே நின்றேன். மனசோடு சொன்னாளா, பேச்சை முடித்தால் போதும் என்று சொன்னாளா? அந்தச் சொல்லை என்னைவிட அதிகம் சொன்னவர்கள் இந்த ஊரில் இருக்க மாட்டார்கள். ஆனாலும் எனக்குத் தெரியவில்லை.

கதவைத் தட்டினேன். "ஏட்டி, எந்த டீக் ஆச்சே அது? சொல்லிட்டுப் போ."

மறுபடியும் தட்டினேன்.